கச்சேரி வைத்தால் கூலி வந்துவிடுமா?

ஆகஸ்ட் 30, 2025, சனி இரவு

போன வாரம் நான் போட்ட துண்டறிக்கைக்குக் கீழே ஒருவர் கேட்டதை அப்படியே எடுத்துப் போடுகிறேன்: "கூலி வராத ஆட்களுக்காகக் கச்சேரி வைத்தால் கூலி வந்துவிடுமா? உதவ வேண்டுமென்றால் ஆளுக்கு நூறு டாலர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போங்கள், எதற்கு மேளதாளம்? அதுபோக, நாமெல்லாம் வரிசையில் நின்று விசா வாங்கி வந்தவர்கள். அவர்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?"

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். வராது. இதே கேள்வியை, இதே நூறு டாலர் கணக்கோடு, ஜூலையில் நடந்த முதல் கூட்டத்தில் நானே கேட்டேன். வாயைத் திறந்தவன் தலையில் நோட்டைக் கட்டிவிட்டார்கள், இப்போது வரவு செலவு என் பொறுப்பு.

தெரியாதவர்களுக்கு விவரம்: செப்டம்பர் 27, சனிக்கிழமை மாலை, கலிஃபோர்னியாவின் ஹேவர்டில் ஒரு தேவாலயத்தின் ஹால். வெராக்ரூஸ் பக்கத்து ஊர்ப்பாட்டு பாடும் ஒரு மெக்சிகோக் குழு, நம் ஆட்களின் பறைக் குழு, கிதாரோடு ஒரு பிலிப்பினோ அம்மா, கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஏதோ ஒன்று. வசூலில் பாதி, குடிவரவுத் துறை பிடித்து அடைத்து வைத்திருப்பவர்களுக்கு ஜாமீன் கட்ட. மீதி, வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காமல் விடப்பட்ட தினக்கூலி ஆட்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் ஒரு சின்ன அமைப்புக்கு. கட்டடச் சாமான் கடை வாசலில் காலை ஆறு மணிக்கே தொப்பி போட்டுக்கொண்டு நிற்பார்களே, அவர்களுக்காக. நம் வீட்டு வேலி சாய்ந்தால் யாரைக் கூப்பிடுகிறோம்?

இரண்டாவது கேள்விக்கு மூன்று முறை தட்டி மூன்று முறையும் அழித்துவிட்டேன். நாளைக்கு.

ஆகஸ்ட் 31

நாளைக்கு என்றேன், ஆனால் இன்று பறை தலைவலியாகிவிட்டது. தோல் பறையை அடிப்பதற்கு முன்னால் தீயில் காய்ச்ச வேண்டும், இல்லாவிட்டால் தோல் தளர்ந்து தொப் தொப் என்று சத்தம் வரும். ஊரில் நாலு வைக்கோலைக் கொளுத்தினால் முடிந்தது. இங்கே தேவாலயத்தின் கார் நிறுத்துமிடத்தில் தீ மூட்டலாமா என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். ஹால் பொறுப்பாளர் அம்மா பதில் ஒன்றும் எழுதாமல் நாலு பக்கத் தீத்தடுப்பு விதிமுறையை மட்டும் இணைத்து அனுப்பியிருக்கிறார்.

குழுவில் பாதிப் பேர் திருகாணி வைத்த செயற்கைத் தோல் பறைக்கு மாறிவிட்டார்கள், முடுக்கினால் போதும். மீதி மூன்று பேர் மாட்டவே மாட்டேன் என்கிறார்கள். தலைமுடி உலர்த்தும் மெஷினைப் பிடித்துப் பார்த்தோம். இருபது நிமிடம் பிடித்தால் கொஞ்சம் இறுகுகிறது, பத்து நிமிடத்தில் பழையபடி ஆகிவிடுகிறது. பெயின்ட் உரிக்கும் சூடான காற்று மெஷின் ஒன்று இருப்பதாக ஒருவர் சொல்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், தோல் கிழிந்துவிடுமா?

செப்டம்பர் 1, இந்த நாட்டு உழைப்பாளர் தினம்

லீவு நாள். சரி, வரிசை விஷயம்.

உலகமே மே 1 கொண்டாடுகிறது, அது பிறந்த சிகாகோ இருக்கும் நாடு மட்டும் செப்டம்பர் முதல் திங்களன்று கொல்லைப்புறத்தில் கறி சுடுகிறது. எட்டு மணி நேர வேலை கேட்ட போராட்டத்தில் குண்டு வெடித்த 1886 சிகாகோ வழக்கில் கூண்டில் நின்ற எட்டுப் பேரில் ஆறு பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஐந்து ஜெர்மானியர், ஒரு ஆங்கிலேயர். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தை நடத்தியது 1923-இல். அதே 1923 பிப்ரவரியில்தான் இங்கே உச்ச நீதிமன்றம் பகத் சிங் திந்த் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சீக்கியர், முதல் உலகப் போர் சமயத்தில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். இந்தியர்கள் சட்டம் சொல்லும் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமை கிடையாது என்றார்கள். ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பிடுங்கினார்கள். 1917-லிருந்தே நம் பக்கத்து ஆட்கள் வர ஒட்டுமொத்தத் தடை. 1946-இல் பெரிய மனசு பண்ணி இந்தியாவுக்கு ஆண்டுக்கு நூறு இடம் கொடுத்தார்கள். இந்தியா முழுக்க, நூறு. 1965 குடிவரவுச் சட்டத்துக்குப் பிறகுதான் நாம் இவ்வளவு பெருமையாகச் சொல்லும் வரிசையே வந்தது. நடுவில் மெக்சிகோ எல்லை வழியாகச் சத்தமில்லாமல் வந்த பஞ்சாபிகளும் உண்டு.

சரி, அது பழைய கதை என்பீர்கள். இன்றைக்கு வேலி கட்டுபவருக்கு எந்த வரிசை? பெரிய படிப்போ பயிற்சியோ தேவைப்படாத வேலைகளுக்கான கிரீன் கார்டுகள் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை அட்டைகள்) உலகம் முழுமைக்கும் ஆண்டுக்கு அதிகபட்சம் 10,000, அதுவும் குடும்பத்தாரையும் சேர்த்து. இதில் போய் நின்றால் பேரன் காலத்தில் கூப்பிடுவார்கள்.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. அவர் கேட்டது இதுவல்ல என்று தோன்றுகிறது. சம்பந்தம் என்று வேறு ஏதோ கேட்டார். யோசிக்கிறேன்.

செப்டம்பர் 3

முதல் கூட்டு ஒத்திகை, படுதோல்வி. அவர்களுடைய இசைக்குப் பெயர் சோன் ஹரோச்சோ. ஹரானா என்று ஒரு குட்டி கிதார், நாலே கம்பி, கை மின்னுகிற வேகத்தில் அடிக்கிறார்கள். தரையில் ஒரு மரப்பெட்டி, அதன் மேல் ஏறிக் குதிகாலால் தாளம் போடுகிறார்கள், அந்தப் பெட்டியும் வாத்தியம்தான். அப்புறம் கழுதையின் தாடை எலும்பு. பல்லோடு. குச்சியை இழுத்தால் பல்லெல்லாம் கடகடக்கிறது. என் பையன் பார்த்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை.

தாளம் ஒத்துப்போகிறது, அதில் பிரச்சினை இல்லை. அவர்கள் ஆறு எண்ணிக்கையை ஒரே நேரத்தில் இரண்டு மூன்றாகவும் மூன்று இரண்டாகவும் வைத்து விளையாடுகிறார்கள், நம் தகிட தகிட அதில் போய் அப்படியே உட்கார்ந்துகொள்கிறது. பிரச்சினை சத்தம். மூடிய ஹாலில் எட்டுப் பறை சேர்ந்து அடித்தால் ஹரானா இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஹரானாக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தார். சேர்ந்து வாசிக்கும்போது மூன்று பறை போதும் என்று முடிவு. எந்த மூன்று பேர் என்பதில் நம் ஆட்களுக்குள் இப்போது கோஷ்டி.

பிலிப்பினோ அம்மா 1965 திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பாடப்போகிறாராம். செப்டம்பர் 16-இல் தோட்டத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ் இதே மாநிலத்தின் டெலானோவில் ஆரம்பித்தது. இந்த மாதம் அறுபது வருடம் ஆகிறது.

செப்டம்பர் 6

நிதியில் பெரிய மாற்றம். டிக்கெட் வாங்கியவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

குடிவரவு ஜாமீன் எப்படி என்றால், சட்டப்படி குறைந்தபட்சம் 1,500 டாலர், நிஜத்தில் அதைவிட எவ்வளவோ அதிகம் கேட்பார்கள். ஆள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒழுங்காக வந்தால் வழக்கு முடிந்ததும் கட்டியவருக்குப் பணம் திரும்ப வந்துவிடும். அதனால்தான் எனக்கு இந்த நிதி பிடித்திருந்தது. ஒருவருக்குக் கட்டிய பணம் திரும்பி வந்து இன்னொருவரை வெளியே கொண்டுவரும், கணக்குப் பார்ப்பவனுக்கு இதைவிட இனிப்பான விஷயம் கிடையாது. நேற்று, செப்டம்பர் 5, குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் ஒரு தீர்ப்புப் போட்டிருக்கிறது: எல்லையில் சோதனைக்கு உட்படாமல் உள்ளே வந்தவர்களுக்கு, எத்தனை வருடத்துக்கு முன்னால் வந்திருந்தாலும், ஜாமீன் கொடுக்கக் குடிவரவு நீதிபதிக்கு அதிகாரமே இல்லையாம். நாங்கள் மனதில் வைத்திருந்த ஆட்களில் பெரும்பாலோர் இதற்குள் வருகிறார்கள்.

இன்று காலை அவசரக் கூட்டம். ஜாமீனுக்கு என்று ஒதுக்கிய பாதி இனி வக்கீல் செலவுக்கு. குடிவரவு நீதிமன்றத்தில் அரசாங்கம் வக்கீல் வைத்துத் தராது, எதிர்ப்பக்கம் அரசு வக்கீல் நிற்பார், இந்தப் பக்கம் உங்களிடம் காசு இருந்தால் உண்டு. குழந்தையாக இருந்தாலும் அதேதான். "ஜாமீனுக்குத்தான் கொடுத்தேன், வக்கீலுக்கு இல்லை" என்று யாராவது நினைத்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், திருப்பித் தருகிறேன். இதுவரை யாரும் எழுதவில்லை. ஒருவர் எழுதினார், ஆனால் அது வாகனம் நிறுத்த இடம் இருக்கிறதா என்று கேட்டு.

செப்டம்பர் 8, இரவு

மூன்றாம் தேதி எழுதியது தவறு. பிலிப்பினோ அம்மா அதை யாரிடமோ மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார், போன் வந்தது. டெலானோவில் முதலில் வேலையை நிறுத்தியது பிலிப்பினோத் தொழிலாளர்கள், லாரி இட்லியாங் தலைமையில், 1965 செப்டம்பர் 8. எட்டு நாள் கழித்து, பதினாறாம் தேதிதான் சாவேஸும் டொலோரஸ் ஹுவெர்த்தாவும் நடத்திய மெக்சிகோ ஆட்களின் சங்கம் ஓட்டெடுத்துச் சேர்ந்துகொண்டது. "எல்லோரும் அந்த எட்டு நாளை மறந்துவிடுகிறார்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சலித்துப்போய்ச் சொன்னார். அது இன்னும் மோசம். மன்னிப்புக் கேட்டேன்.

இதே பேச்சில் இன்னொன்றும் தெரிந்தது. அந்த வேலைநிறுத்தத்தில் பிறந்ததுதான் லூயிஸ் வால்டெஸின் நாடகக் குழு, எல் தியாத்ரோ கம்பெசினோ. லாரியின் திறந்த பின்பகுதிதான் மேடை. நடிப்பவர்கள் தோட்டத் தொழிலாளர்கள், கழுத்தில் "முதலாளி", "கருங்காலி" என்று அட்டை தொங்கும். 1967-இல் நாடு முழுக்கச் சுற்றிப் போராட்டத்துக்குப் பணம் திரட்டினார்கள். சங்கத்தோடு முதல் தோட்டங்கள் ஒப்பந்தக் கையெழுத்துப் போட்டது 1966, டெலானோவின் பெரிய தோட்டங்கள் 1970-இல். ஐந்து வருடம் ஒரு வேலைநிறுத்தத்தை இழுத்துக்கொண்டு போக வேண்டுமென்றால் யாராவது பாடிக்கொண்டும் கூத்துக் கட்டிக்கொண்டும்தான் இருந்திருக்க வேண்டும்.

இன்று அறுபதாவது ஆண்டு. இன்றைக்கே உச்ச நீதிமன்றத்தின் உத்தரவும் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் தோல் நிறம், பேசும் மொழி, நிற்கும் இடம், பார்க்கும் வேலை ஆகியவற்றை மட்டும் வைத்து ஆட்களை நிறுத்திப் பிடிக்கக்கூடாது என்று ஜூலையில் கீழ் நீதிமன்றம் போட்ட தடையை நிறுத்தி வைத்துவிட்டார்கள், 6க்கு 3. கார் கழுவும் இடம், பஸ் நிறுத்தம், கட்டடச் சாமான் கடை வாசல். நான் ஆகஸ்ட் 30-இல் எழுதிய அதே வாசல்.

செப்டம்பர் 9

ஹரானாவுக்கு நாலு கம்பி இல்லையாம், எட்டு. ஐந்து தொகுதியாகக் கட்டியிருப்பார்களாம், நடுவில் உள்ள மூன்றும் ஜோடிக் கம்பி. தூரத்திலிருந்து எண்ணினேன். இனி வாத்தியம் பற்றி எழுத மாட்டேன்.

செப்டம்பர் 14

துண்டறிக்கையிலிருந்து முகவரியை எடுத்துவிட்டோம். டிக்கெட் எடுத்தவர்களுக்குப் போனில் வரும். சங்கடமாகத்தான் இருக்கிறது, நாலு பேருக்குத் தெரியட்டும் என்று வைக்கிற கச்சேரியின் இடத்தைக் கமுக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மெக்சிகோக் குழுவில் ஒரு பெண் விலகிக்கொண்டார், காரணம் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. மரப்பெட்டியின் மேல் ஆடுபவர் அவர்தான்.

வாசலில் நான்கு தன்னார்வலர்கள். கையில் அந்தச் சிவப்பு அட்டை. பார்த்ததில்லை என்றால், கிரெடிட் கார்டு அளவு. ஒரு பக்கம் ஆங்கிலத்தில், அதிகாரியிடம் அப்படியே நீட்டுவதற்கு: நான் பேச விரும்பவில்லை, நீதிபதி கையெழுத்திட்ட ஆணை இல்லாமல் உள்ளே விட மாட்டேன். இந்தக் கையெழுத்துதான் விஷயமே. குடிவரவுத் துறை தானே அச்சடித்துத் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டு வரும் தாளுக்கும், நீதிபதி போட்ட ஆணைக்கும் வித்தியாசம் இருக்கிறது. முதலாவதை வைத்துக்கொண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிடாத இடத்துக்குள் உங்கள் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. ஆகவே டிக்கெட் மேஜையைத் தாண்டியதும் "அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும்" என்று பலகை வைக்கிறோம். கல்யாண மண்டபத்தில்கூட நான் இப்படி ஒரு பலகை பார்த்ததில்லை.

தமிழிலும் ஒரு அட்டை எழுதிப் பார்த்தோம். "யாருக்கு இது?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி என்று அன்று நினைத்தேன்.

செப்டம்பர் 20, சனி

நேற்று மாலையிலிருந்து யாரும் தூங்கியிருக்க மாட்டீர்கள். எச்1பி வேலை விசா மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் என்ற அறிவிப்பு வெள்ளிக்கிழமை வந்தது, ஞாயிறு பிறந்ததும் அமலாம். பெரிய கம்பெனிகள் வெளிநாட்டில் இருக்கும் ஆட்களை உடனே திரும்பச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பின. எங்கள் டீமில் ஒரு பையன் தங்கை நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தவன், பந்தியில் உட்காராமல் சென்னை விமான நிலையத்துக்கு ஓடியிருக்கிறான். சான் பிரான்சிஸ்கோவில் விமானத்தில் ஏறி உட்கார்ந்த நம் ஆட்கள் இறங்கிப் போகும் வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இன்றைக்குச் சொல்கிறார்கள், புது மனுக்களுக்கு மட்டும்தானாம், ஏற்கெனவே விசா இருப்பவர்களுக்கு இல்லையாம். சரி.

அந்தத் தமிழ் அட்டை கிடைக்குமா என்று இன்று காலையிலிருந்து ஏழு பேர் கேட்டுவிட்டார்கள்.

செப்டம்பர் 21

சம்பந்தம் என்ன என்று கேட்டவருக்கு. ஆகஸ்ட் 30-இல் மூன்று முறை அழித்தது இதைத்தான். இந்த முறை அழிப்பதற்குள் அனுப்பிவிடுகிறேன்.

2009. பொருளாதாரம் படுத்துக் கிடந்தது. நியூ ஜெர்சியில் ஒரு கன்சல்டிங் கம்பெனி மூலமாக வந்திருந்தேன், ப்ராஜெக்ட் முடிந்ததும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கெஸ்ட் ஹவுஸ் என்ற பெயரில் ஒரு வீடு, ஆறு பேர், ஒரு பிரஷர் குக்கர். பதினொரு வாரம் சம்பளம் இல்லை. எச்1பி ஆளை வேலை இல்லை என்று சும்மா உட்கார வைத்தாலும் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். தொழிலாளர் துறையில் புகார் செய்ய டபிள்யூ.எச். 4 என்று ஒரு படிவம் உண்டு, பன்னிரண்டு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு இரண்டாவது வாரமே தெரியும். ஊர் நூலகத்துக்கு நடந்து போய், பக்கத்துக்குப் பத்து சென்ட் கொடுத்து அந்தப் படிவத்தை அச்செடுத்தேன். ஆஃபர் லெட்டர் என்னிடம் இருந்தது, மேனேஜரின் மின்னஞ்சல் எல்லாம் இருந்தது. படிவம் பெட்டியின் அடியில், அம்மா கட்டிக் கொடுத்த பருப்புப்பொடி டப்பாவுக்குக் கீழே கிடந்தது. விசா அவர்கள் கையில். புகார் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்படிச் செய்யக்கூடாது என்றும் சட்டம் இருக்கிறது, அதுவும் தெரியும். பன்னிரண்டு மாதம் ஓடிவிட்டது.

என் மனைவிக்கே இது போன வருடம்தான் தெரியும். அப்போது ஊருக்கு அனுப்பிய பணம், கெஸ்ட் ஹவுஸில் இருந்த இன்னொரு பையனிடம் வாங்கிய கடன்.

வரிசையில் நின்று வந்தவன்தான் நான்.

செப்டம்பர் 22

போன பதிவுக்குக் கீழே எழுதியவர்களுக்கு: கம்பெனி பெயர் சொல்ல மாட்டேன். கேட்காதீர்கள். உங்களில் பத்துப் பேருக்கு மேல் இதே கதையை எழுதியிருக்கிறீர்கள், அதில் இரண்டு பேர் அதே பிரஷர் குக்கரோ என்று சந்தேகப்படுகிற அளவுக்கு ஒத்துப்போகிறது.

செப்டம்பர் 25

கொஞ்சம் திசை மாறுகிறேன். மெக்சிகோக் குழு கடைசியில் பாடப்போகும் பாட்டு, 1948-இல் லாஸ் கேட்டோஸ் விமான விபத்தைப் பற்றி அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரி எழுதியது. சான் ஹோசேக்குப் பக்கத்தில் நாம் காபி குடிக்கப் போகும் அந்தப் பணக்கார லாஸ் கேட்டோஸ் என்றே நினைத்திருந்தேன். இல்லை. ஃப்ரெஸ்னோ மாவட்டத்தில் கோலிங்கா பக்கத்தில் உள்ள பள்ளத்தாக்கு. ஜனவரி 28 அன்று ஓக்லண்டிலிருந்து எல்லைப் பக்கம் போன விமானம் விழுந்து 32 பேர் இறந்தார்கள். அதில் 28 பேர் மெக்சிகோவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர்கள். நாடு முழுக்கப் போன செய்தியில் விமான ஊழியர்களுக்கும் காவலருக்கும் பெயர் இருந்தது, இந்த 28 பேருக்கு "நாடு கடத்தப்பட்டவர்கள்" என்ற ஒரே சொல். ஃப்ரெஸ்னோவில் ஒரே குழியில் புதைத்தார்கள். பெயர்கள் செதுக்கிய கல் 2013-இல்தான் வந்தது. அறுபத்தைந்து வருடம்.

ஒத்திகையில் அந்த 28 பெயரையும் வாசிக்கிறார்கள், ஒவ்வொரு பெயருக்கும் பறையில் ஒரு அடி. தடித்த அடிகுச்சியால் மட்டும், மெல்லிய சுண்டுகுச்சி இல்லாமல். இதற்கு மட்டும் தோல் பறைதான் வேண்டும் என்று ஹரானாக்காரரே கேட்டார். சூடான காற்று மெஷின் வேலை செய்கிறது, தோல் கிழியவில்லை, ஆனால் ஒரு கை தூரத்தில் பிடிக்க வேண்டும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கால் வலிக்கிறது. சுருக்கமாக.

212 பேர். ஐந்து மணி என்று போட்டு, நம் ஆட்கள் ஆறரைக்கு வந்தார்கள், கூலி ஆட்கள் நாலே முக்காலுக்கே குடும்பத்தோடு வந்து முதல் இரண்டு வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். மேடையில் நடந்ததைப் பாதிதான் பார்த்தேன். கேட்டவர்கள் நன்றாக இருந்தது என்கிறார்கள். 28 அடியின்போது நான் சமையலறையில் இருந்தேன், அங்கே கழுவிக் கவிழ்த்திருந்த தட்டுகள் ஒவ்வொரு அடிக்கும் அதிர்ந்தன. விலகிய பெண் ஆட வரவில்லை. மரப்பெட்டியை மேடையில் காலியாகவே வைத்திருந்தார்கள்.

பெரும்பாலும் நான் இருந்தது பின்னால், மனு எழுதும் மேஜையில். கூட்டம் அதிகமாகிவிட்டதால் என்னையும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள், ஸ்பானிஷ் தெரிந்த ஒரு கல்லூரிப் பெண் பக்கத்தில். என்னிடம் வந்த முதல் ஆளுக்கு ஐம்பது வயதிருக்கும், கூரை வேலை, மூன்று நாள், 480 டாலர் வரவில்லை. முதலாளி பெயர் மைக். மைக் என்று மட்டும்தான் தெரியும். முகவரி தெரியாது, கம்பெனிப் பெயர் தெரியாது. நான் பேனாவை வைத்துவிட்டேன். அவர் போனை எடுத்து ஒரு படம் காட்டினார். வேலைக்கு ஏறும்போதே வண்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறார், நம்பர் பலகை தெளிவாகத் தெரிகிறது. எல்லா வண்டியையும் எடுப்பாராம், இரண்டு வருடமாக. விரலால் தள்ளிக்கொண்டே போனார், வெறும் வண்டிப் பின்பக்கங்களாக வருகிறது.

கலிஃபோர்னியா தொழிலாளர் ஆணையரின் மனுவில் முதலாளியின் வண்டி நம்பர் எழுத ஒரு கட்டமே இருக்கிறது. எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருந்தது. விசா இருக்கிறதா, காகிதம் இருக்கிறதா என்று கேட்கும் கட்டம் அதில் கிடையாது. கூலி கேட்க அது தேவையில்லை என்பது இந்த மாநிலச் சட்டம். எழுதி முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனா மூடியைச் சரியாக மூடித் திருப்பித் தந்தார்.

கேள்வி கேட்டவரும் வந்திருந்தார். முகம் தெரியாது, அவராகவே வந்து "நூறு டாலர்" என்றார். நான் டிக்கெட் பத்து டாலர்தான் சார் என்றேன். "இல்லை, நான்தான் அந்த நூறு டாலர்" என்று தாளை நீட்டினார். "இது கச்சேரிக்கு இல்லை, நேரடியாக அவர்களுக்கு. கச்சேரி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை." இரண்டு தடவை சாப்பிட்டார். டமால் என்பது சோள மட்டையில் சுற்றிய காரக் கொழுக்கட்டை என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 29

கணக்கு. டிக்கெட்டும் உண்டியலும் 3,460. சாப்பாடு 920. வரவு 4,380. செலவு: ஹால் 350, ஒலி 500, ஒரு நாள் காப்பீடு 165, தட்டு டம்ளர் 130, சமையல் சாமான் 120. ஆக 1,265. மீதி 3,115.

கச்சேரி இல்லாமல் நேரடியாகக் கேட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்று மறுபடியும் கேட்கிறார்கள். கேட்டுப் பார்த்தேன், ஜூலையில், நம் குழுக்கள் மூன்றிலும். நான்கு பேர், 340 டாலர். அதில் நூறு என்னுடையது.

செப்டம்பர் 29, இரவு

திருத்தம். கேள்வி கேட்டவர் நீட்டிய அந்த நூறு டாலரை உண்டியலிலும் எழுதி, சாப்பாட்டிலும் எழுதியிருக்கிறேன். வரவு 4,280, மீதி 3,015. சட்டம் சொல்லும் குறைந்தபட்ச ஜாமீன் இரண்டு பேருக்கு, போக பதினைந்து டாலர். கட்ட முடிகிற காலமாக இருந்தால்.

அக்டோபர் 5

மூன்று பேர் கேட்டதால்: மேஜையில் எழுதிய பதினான்கு மனுவும் போய்விட்டன. ஒன்று திரும்பி வந்தது, கூரைக்காரருடையதுதான், தேதி போட மறந்தது நான். மறுபடி அனுப்பியாயிற்று, இனி சமரசப் பேச்சுக்கு நாள் கொடுக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். அவர் இப்போது என்னைத் திங்கட்கிழமைதோறும் கூப்பிடுகிறார், எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான், "மைக்?" என்பார், "நோ மைக்" என்பேன், வைத்துவிடுவார்.

அடுத்த வருடமும் வைப்பதா என்று வாக்கெடுப்பு நடக்கிறது. நூறு டாலர்காரர் எதிராக ஓட்டுப் போட்டுவிட்டு, வைத்தால் வாகனம் நிறுத்துவதைத் தான் பார்த்துக்கொள்வதாக எழுதியிருக்கிறார்.

அப்புறம், பாத்திரம். ஹாலில் விட்டுப்போன பெரிய எவர்சில்வர் அடுக்கு ஒன்று என்னிடம் இருக்கிறது, எலுமிச்சை சாதம் வந்தது என்று நினைக்கிறேன். விளிம்பில் "மீ.சு. 12-6-94" என்று வெட்டியிருக்கிறது, கல்யாணச் சீராக இருக்கும், தேடுவார்கள். டமால் வேகவைத்த அலுமினியப் பானையும் ஒன்று, அதில் பெயர் இல்லை, ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. இரண்டும் என் கார் டிக்கியில்தான் கிடக்கின்றன. வளைவில் திரும்பும்போதெல்லாம் ஒன்றை ஒன்று இடித்துக்கொள்கின்றன, சீக்கிரம் வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.